க்ரூஸ் முடிந்த பிறகும் இறங்காமல், அதே கப்பலில் குறைந்த கட்டணத்தில் தொடர்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஏழு இரவு க்ரூஸ் முடிகிற காலையில் பயணிகள் பெட்டியோடு இறங்குகிறார்கள். அதே கப்பல் அன்று மாலையே அடுத்த கூட்டத்தை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடும். அந்த அடுத்த பயணத்தில் விற்காமல் கிடக்கிற கேபினை, ஏற்கெனவே கப்பலில் இருப்பவருக்குக் குறைந்த விலையில் கொடுப்பது பல க்ரூஸ் நிறுவனங்களின் வழக்கம். இப்படி அடுத்தடுத்து இரண்டு பயணங்களைச் சேர்த்துப் போவதை ‘பேக் டு பேக்’ என்பார்கள்.

சலுகை நிஜம்தான். ஆனால் அது கையில் வந்து சேருவது, கிளம்புவதற்கு முன்பே விசா, விமான டிக்கெட், இன்சூரன்ஸ் மூன்றையும் நீட்டிப்புக்கு இடம் வைத்து எடுத்தவருக்குத்தான். கப்பலில் ஏறிய பிறகு யோசிக்கத் தொடங்கினால், தள்ளுபடியில் மிச்சமானதை டிக்கெட் மாற்றும் கட்டணமே தின்றுவிடும். அதனால் இந்த வழிகாட்டி வீட்டிலிருந்தே தொடங்குகிறது.

தள்ளுபடி எங்கிருந்து வருகிறது

கேபின் காலியாக இருந்தாலும் கப்பல் புறப்பட்டே ஆக வேண்டும். எரிபொருள், ஊழியர் சம்பளம், துறைமுகச் செலவு எதுவும் குறையாது. ஒருவர் கூடுதலாக இருந்தால் குடிப்பது, கேசினோ, ஸ்பா, கரைச் சுற்றுலா என்று அவர் செலவழிக்கிற பணமெல்லாம் நிறுவனத்துக்கு வரவு. எனவே அடிப்படைக் கட்டணத்தைக் குறைத்தாவது கேபினை நிரப்பப் பார்க்கிறார்கள்.

இதிலிருந்தே சலுகை எப்போது கிடைக்கும் என்பதையும் ஊகிக்கலாம். பள்ளி விடுமுறை, கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரங்களில் கப்பல் நிறைந்துவிடும். அப்போது எதிர்பார்க்க வேண்டாம். கப்பல்கள் ஒரு கடலிலிருந்து இன்னொரு கடலுக்கு இடம் மாறுகிற ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் மாதங்களில் வாய்ப்பு அதிகம். அட்லாண்டிக்கைக் கடக்கிற நீண்ட பயணங்களில் நடுவில் பல நாள் கரையே தென்படாது, முடிகிற இடமும் வேறு கண்டம். அதனால் அவற்றுக்குக் கிராக்கி குறைவு, விலையும் இறங்கும்.

ஒன்றை முன்கூட்டியே சரிபார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த பயணத்தை ஏதாவது ஒரு நிறுவனமோ குழுவோ முழுக் கப்பலாக வாடகைக்கு எடுத்திருக்கலாம், அல்லது கப்பல் பராமரிப்புக்காக உலர் துறைக்குப் போகலாம். நிறுவனத்தின் இணையதளத்தில் உங்கள் கப்பலின் அட்டவணையில் உங்களுடைய பயணத்துக்கு அடுத்த தேதி காணாமல் போயிருந்தால் காரணம் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று. அப்போது நீட்டிக்க வழியே இல்லை.

கிளம்பும் முன் செய்ய வேண்டியவை

முதலில் பாஸ்போர்ட். பல நாடுகள் ஆறு மாத மிச்சக் காலம் கேட்கின்றன. அதை முதல் பயணம் முடிகிற நாளிலிருந்து எண்ணாமல், நீட்டித்த பயணம் முடியக்கூடிய நாளிலிருந்து எண்ணுங்கள்.

அடுத்தது விசா. அதிகம் பேர் தடுக்கி விழுகிற இடம் இதுதான். ஷெங்கன் (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான) விசா ஸ்டிக்கரில் மூன்று விஷயங்கள் தனித்தனியாக இருக்கும்: செல்லுபடித் தேதிகள், எத்தனை முறை நுழையலாம், மொத்தம் எத்தனை நாள் தங்கலாம். பத்து நாள் என்று போட்டுக் கொடுத்திருந்தால், ஏழு இரவோடு இன்னொரு ஏழு இரவைச் சேர்க்க அந்த விசா போதாது. பயணத்தின் நடுவில் அதை நீட்டிப்பதும் நடக்காது; மிகத் தவிர்க்க முடியாத காரணங்களுக்கு மட்டுமே அனுமதிப்பார்கள். ‘நான் ரசித்தேன், இன்னும் ஒரு வாரம் வேண்டும்’ என்பது அதில் சேராது.

நுழைவு எண்ணிக்கையும் முக்கியம். மத்தியதரைக் கடல் கப்பல் துருக்கிக்கோ மாண்டினீக்ரோவுக்கோ போய்விட்டு கிரீஸ், இத்தாலிக்குத் திரும்பினால் அது ஷெங்கனை விட்டு வெளியேறி மறுபடி நுழைவதாகும். முதல் பயணம் முழுக்க ஷெங்கன் துறைமுகங்களாகவே இருந்து, அடுத்த வாரம் இஸ்தான்புல் சேர்ந்தால் ஒருமுறை நுழைவு விசா அங்கே முடிந்துபோகும். எனவே விண்ணப்பிக்கும்போதே பலமுறை நுழைவு கேளுங்கள், நாட்களையும் தாராளமாகக் கேளுங்கள். ஷெங்கன் பகுதியில் எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதற்குள் 90 நாளுக்கு மேல் தங்கக்கூடாது என்ற வரம்பும் உண்டு. குரோவேஷியா 2023 ஜனவரி 1-ல் ஷெங்கனில் சேர்ந்துவிட்டதால், டுப்ரோவ்னிக், ஸ்ப்ளிட் நிறுத்தங்களும் இப்போது இந்தக் கணக்கில்தான் வரும்.

சில நாட்டவர்கள் விசா இல்லாமல் ஈஸ்டா என்ற இணைய முன்அனுமதியில் அமெரிக்கா போகலாம். அவர்களுக்கு 90 நாள்தான். நடுவில் மெக்சிகோ, கனடா, கரீபியத் தீவுகளுக்குக் கப்பலில் போய்வந்தாலும் அந்த 90 நாள் புதிதாகத் தொடங்காது.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கிற துறைமுகம் இரண்டாவது பயணத்தில் மட்டும் இருக்கலாம். ஊசி போட்ட 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். கப்பலில் ஏறிய பிறகு இதைச் சரிசெய்ய நேரம் கிடையாது. கர்ப்பிணிகளுக்கான வரம்பும் இதே மாதிரிதான். பெரும்பாலான நிறுவனங்கள் பயணம் முடிவதற்குள் 24-வது வாரம் தொடங்கிவிடும் என்றால் ஏற்றமாட்டார்கள், இரண்டாவது பயணத்துக்கு அதன் கடைசி நாளை வைத்தே கணக்கிடுவார்கள்.

விமான டிக்கெட்டில் திரும்பும் தேதியை மாற்ற அனுமதிக்கிற வகையை எடுங்கள். மலிவான, மாற்ற முடியாத டிக்கெட் என்றால் திரும்பும் பாதி வீணாகி, புதிதாக ஒருவழி டிக்கெட் வாங்க வேண்டி வரும். மாற்றுவதானால் பழைய விமானம் கிளம்புவதற்கு முன்பே மாற்றிவிட வேண்டும். விமானத்துக்குப் போகாமல் விட்டுவிட்டால் அதன் பிறகான இணைப்பு விமானங்களும் சேர்ந்து ரத்தாகும். க்ரூஸ் நிறுவனம் மூலமே விமானமும் எடுத்திருந்தால் அவர்கள் வழியாகத்தான் மாற்ற முடியும். விமான நிலையத்துக்கு எடுத்துவைத்த வண்டி, இறங்குகிற இரவுக்கான ஹோட்டல் இரண்டையும் மறக்காமல் ரத்து செய்யுங்கள்.

இன்சூரன்ஸில் இரண்டு வகைச் சிக்கல். ஒரு பயணத்துக்கான பாலிசி அதன் கடைசித் தேதியோடு முடிந்துவிடும். அந்தத் தேதிக்கு முன்பே நீட்டிக்க வேண்டும். ஆண்டு பாலிசியில் ஒவ்வொரு பயணமும் இத்தனை நாளுக்குள் என்று வரம்பு இருக்கும், 30 அல்லது 45 நாள் போல. இரண்டு க்ரூஸ்களும் வீடு திரும்பும்வரை ஒரே பயணமாகத்தான் எண்ணப்படும். முதல் வாரத்தில் கப்பல் டாக்டரைப் பார்த்திருந்தால், நீட்டிக்கும்போது அதைச் சொல்லாமல் மறைக்காதீர்கள். பின்னால் கிளெய்ம் நிராகரிக்கப்பட அதுவே போதும்.

மருந்து: தினமும் எடுக்கிற மாத்திரைகளை இரண்டு பயணங்களுக்கும், அதற்கு மேல் ஒரு வாரத்துக்கும் சேர்த்து எடுத்துப் போங்கள். கப்பல் மருத்துவ மையத்தில் அவசர மருந்துகள்தான் இருக்கும். உங்களுடைய இரத்த அழுத்த மாத்திரை அதே பிராண்டில் அங்கே கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

அமெரிக்கத் துறைமுகங்களில் ஒரு பழைய சட்டம்

1886-ல் வந்த அமெரிக்கப் பயணிகள் கப்பல் சேவைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. வெளிநாட்டுக் கொடி பறக்கிற கப்பல், ஓர் அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றிய பயணியை வேறொரு அமெரிக்கத் துறைமுகத்தில் இறக்கிவிடக் கூடாது. பெரிய க்ரூஸ் கப்பல்கள் ஏறக்குறைய எல்லாமே பஹாமாஸ், பனாமா, மால்டா, பெர்முடா போன்ற கொடிகளில்தான் ஓடுகின்றன.

தனித்தனியாகப் பார்த்தால் சரியாக இருக்கிற இரண்டு பயணங்கள் சேரும்போது சட்டத்தை மீறலாம் என்பதுதான் இங்கே விஷயம். சான் டியேகோவிலிருந்து வான்கூவர் ஒரு பயணம், வான்கூவரிலிருந்து அலாஸ்காவின் விட்டியர் இன்னொன்று. முதலாவது கனடாவில் முடிகிறது, இரண்டாவது கனடாவில் தொடங்குகிறது, இரண்டும் சரி. அதே கப்பலில் தொடர்ந்து போனால் நீங்கள் சான் டியேகோவில் ஏறி விட்டியரில் இறங்கியவர் ஆகிறீர்கள். அது கூடாது. மீறினால் அபராதம் கப்பலுக்கு வரும். நிறுவனம் அதைப் பயணியின் தலையில் போடும் என்று டிக்கெட் ஒப்பந்தத்திலேயே எழுதியிருப்பார்கள்.

நடுவில் ‘தொலைதூர வெளிநாட்டுத் துறைமுகம்’ ஒன்றில் கப்பல் நின்றால் தடை இல்லை. கனடா, மெக்சிகோ, பஹாமாஸ், பெர்முடா, பெரும்பாலான கரீபியத் தீவுகள் இதில் சேராது. அருபா, பொனேர், குராசோ மூன்றும், கொலம்பியாவின் கார்தஹேனா போன்ற தென் அமெரிக்கத் துறைமுகங்களும் சேரும். கிளம்பிய துறைமுகத்துக்கே திரும்புகிற பயணங்களை அடுக்கினால் பிரச்சினையே இல்லை. மயாமி-மயாமி, அதற்குப் பின் மீண்டும் மயாமி-மயாமி என்றால் எத்தனை வாரம் வேண்டுமானாலும் போகலாம், விசா இடம்கொடுக்கிற வரை.

முன்பதிவு கணினி இந்த மீறலை எப்போதும் உடனே பிடிப்பதில்லை. பணம் கட்டி பல வாரம் கழித்து ரத்து என்று கடிதம் வருவது உண்டு. ஏறுகிற துறைமுகம், கடைசியில் இறங்குகிற துறைமுகம் இரண்டையும் நீங்களே ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிடுங்கள்.

கப்பலில் எப்போது, யாரிடம் கேட்பது

பெரும்பாலான பெரிய கப்பல்களில் அடுத்த பயணத்தை விற்க ஒரு தனி மேசை உண்டு. ராயல் கரீபியனில் நெக்ஸ்ட்க்ரூஸ், நார்வீஜியனில் க்ரூஸ்நெக்ஸ்ட் என்று பெயர் மாறும். ரிசப்ஷனில் கேட்டாலும் அங்கேதான் அனுப்புவார்கள்.

ஏழு இரவுப் பயணத்தில் இரண்டாவது அல்லது மூன்றாவது நாளே போய்விடுங்கள். பயணிகள் பட்டியலைத் துறைமுக அதிகாரிகளுக்கு முன்கூட்டியே அனுப்ப வேண்டியிருப்பதால், கிளம்புவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே பல கப்பல்களில் விற்பனையை மூடிவிடுவார்கள். கடைசி இரவில் மனம் மாறுகிறவர்களுக்குப் பதில் பெரும்பாலும் ‘முடியாது’ என்பதுதான். கப்பல் கடலிலேயே இருக்கிற நாட்களில் அந்த மேசைக்கு முன் வரிசை நீளும். துறைமுகத்தில் நிற்கிற நாளில் எல்லோரும் கரைக்குப் போயிருக்கும்போது போனால் நிதானமாகப் பேசலாம்.

விலையை அந்த மேசையில் இருப்பவர் தீர்மானிப்பதில்லை. தலைமை அலுவலகத்திலிருந்து வருகிறது. பேரம் பேசிப் பயனில்லை. ஆனால் கேள்விகளால் விலை மாறும். உள் கேபின், ஜன்னல் கேபின், பால்கனி மூன்றுக்கும் தனித்தனியாக விலை கேளுங்கள். பால்கனிகள் அதிகம் மிஞ்சியிருந்தால் உள் கேபினைவிடச் சொற்ப வித்தியாசத்தில் கிடைக்கும். கப்பலிலேயே பதிவு செய்பவருக்குச் செலவுக் கிரெடிட் (கப்பலுக்குள் செலவழிக்க நிறுவனம் தருகிற தொகை) உண்டா, உறுப்பினர் சலுகை இதோடு சேருமா என்றும் கேளுங்கள். சொன்ன விலையை வரி, துறைமுகக் கட்டணம் சேர்த்து எழுத்தில் வாங்கிக்கொண்டு, அதே பயணத்தை வைஃபையில் நிறுவனத்தின் இணையதளத்திலும், உங்களுக்கு டிராவல் ஏஜென்ட் இருந்தால் அவரிடமும் ஒப்பிடுங்கள். சில நேரம் இணையத்திலேயே மலிவாக இருக்கும்.

கையெழுத்துப் போடும் முன் இன்னொன்று. கிளம்ப இத்தனை குறைந்த நாள் இருக்கும்போது வாங்குகிற டிக்கெட்டுக்கு முழுப் பணமும் அப்போதே கட்ட வேண்டும், ரத்து செய்தால் பொதுவாகத் திரும்பக் கிடைக்காது. எனவே முதலில் விமான டிக்கெட்டை மாற்ற முடியுமா, எவ்வளவு ஆகும் என்று பார்த்துவிட்டு, அதன் பிறகே கேபினுக்குப் பணம் கட்டுங்கள்.

இரவுக்கு உண்மையில் எவ்வளவு

விளம்பரத் தாளில் பெரிதாகப் போட்டிருப்பது அடிப்படைக் கட்டணம் மட்டுமே. தள்ளுபடியும் அதற்குத்தான். வரி, துறைமுகக் கட்டணம், டிப்ஸ் இவை குறையவே குறையாது. உதாரணத்துக்கு, இரண்டு பேருக்கு ஏழு இரவு:

அடிப்படைக் கட்டணம் ஒருவருக்கு 420 டாலர், வரியும் துறைமுகக் கட்டணமும் 140, டிப்ஸ் நாளுக்கு 18 வீதம் 126. ஒருவருக்கு 686, இருவருக்கு 1,372. இதோடு விமானத் தேதி மாற்ற ஆளுக்கு 180 என்றால் 360, இன்சூரன்ஸ் நீட்டிப்பு 60, ஒரு வைஃபை பேக்கேஜ் 130. மொத்தம் 1,922 டாலர். ஆளுக்கு ஓர் இரவு 60 டாலர் என்று தாளில் தெரிந்தது, கடைசியில் சுமார் 137 டாலர் ஆகிறது.

137-க்கும் தங்குமிடம், சாப்பாடு, பயணம் மூன்றும் அடங்கிவிடுவதால் அது நல்ல விலையாகவே இருக்கலாம். முடிவை மட்டும் 60-ஐ வைத்து எடுக்காதீர்கள். தனியாகப் பயணிப்பவர் பொதுவாக இரண்டு பேருக்கான அடிப்படைக் கட்டணத்தையும் கட்ட வேண்டும். வரியும் டிப்ஸும் மட்டும் ஒருவருக்கு. மேலே சொன்ன எண்களில் அது 840, 140, 126 சேர்த்து 1,106 டாலர்.

கேபின்: அதேதானா, மாற வேண்டுமா

இப்போது இருக்கிற கேபின் அடுத்த பயணத்துக்கு விற்காமல் இருந்தால் அதையே கேளுங்கள். எதையும் அசைக்க வேண்டியதில்லை. துணிகள் அலமாரியிலேயே இருக்கும். ‘கேரண்டி’ என்ற வகையை எடுத்தால் விலை குறையும், ஆனால் கேபின் எண்ணை நிறுவனமே தரும், மாறுவது ஏறக்குறைய உறுதி.

மாறுவது அவ்வளவு சிரமம் இல்லை. பெட்டியைக் கட்டி, புதிய கேபின் எண் எழுதிய சீட்டை ஒட்டி, கேபின் ஊழியரிடம் முந்தைய நாளே சொல்லிவிட்டால் அவர் கொண்டுபோய் வைப்பார். ஹேங்கரில் தொங்குகிற துணிகளை அப்படியே எடுத்துப் போவார்கள். பழைய கேபினைக் காலை 8 மணிவாக்கில் காலி செய்யச் சொல்வார்கள், புதியது மதியம்தான் தயாராகும். இடைப்பட்ட நேரத்துக்குப் பாஸ்போர்ட், மருந்து, சார்ஜர், நகை எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். அறையில் இருக்கிற லாக்கரை நீங்களேதான் காலி செய்ய வேண்டும். அடிக்கடி மறந்துபோகிறது இதுதான்.

ஓர் எச்சரிக்கை. இறங்குகிறவர்களுக்குக் கொடுக்கிற வண்ண லக்கேஜ் சீட்டு உங்கள் கேபினுக்கும் வரக்கூடும். அதை ஒட்டி இரவில் பெட்டியை வாசலில் வைத்தால், காலையில் பெட்டி கரையில் சுங்கக் கூடத்தில் நிற்கும்.

எல்லோரும் இறங்குகிற காலை

கடைசி நாளுக்கு முன் ஒரு கடிதம் கேபினுக்கு வரும்: எத்தனை மணிக்கு, எந்த அரங்கில் கூட வேண்டும் என்று. வராவிட்டால் கெஸ்ட் சர்வீசஸில் கேட்டு வாங்குங்கள். தொடர்கிறவர்களை ‘இன் டிரான்ஸிட்’ பயணிகள் என்பார்கள், புதிய அறை அட்டையும் ஒரு டிரான்ஸிட் சீட்டும் கொடுப்பார்கள்.

அமெரிக்கத் துறைமுகங்களில் பொதுவாக, கப்பலில் ஒரு பயணிகூட இல்லை என்று எல்லை அதிகாரிகளுக்கு உறுதியாக வேண்டும். இறங்குகிற கூட்டம் காலை 9.30, 10 மணி வரை போய்க்கொண்டிருக்கும். அது முடிந்ததும் ஊழியர் ஒருவர் உங்கள் குழுவை அழைத்துக்கொண்டு குடிவரவு மேசை வழியாக வெளியே கூட்டிப் போவார். எண்ணிக்கை பூஜ்யம் என்று கப்பலிலிருந்து தகவல் வரும்வரை முனையத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், பிறகு புதியவர்களுக்கு முன்னால் ஏறிவிடலாம். அட்டை கொடுத்தும் கேபினிலேயே தூங்குகிற ஒருவரால் எல்லோரும் காத்திருக்க நேரிடும். அதனால்தான் ஒலிபெருக்கியில் பெயர் சொல்லி அழைப்பார்கள்.

காலையிலேயே ஊர் சுற்றப் போகலாமா என்றால், போகலாம். பாஸ்போர்ட், புதிய அட்டை, டிரான்ஸிட் சீட்டு மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். பூஜ்ய எண்ணிக்கை முடிவதற்குள் திரும்பினால் வெளியே காத்திருக்க வேண்டும். கப்பல் உணவகத்திலிருந்து பழம், இறைச்சி எதையும் எடுத்து இறங்காதீர்கள். முதல் பயணத்தில் வாங்கிய மது பாட்டில்களைக் கப்பல் கடைசி இரவில் உங்களிடம் ஒப்படைத்துவிடும். அதை அடுத்த பயணம் முடியும்வரை வைத்திருக்கச் சொல்லி முன்பே கேளுங்கள்.

எம்எஸ்சி, கோஸ்டா போன்ற நிறுவனங்களின் மத்தியதரைக் கடல் கப்பல்கள் பார்சிலோனா, மார்சே, ஜெனோவா என்று வழியெங்கும் பயணிகளை ஏற்றி இறக்குகின்றன. அங்கே எல்லோரும் ஒரே நாளில் இறங்குவதில்லை என்பதால் இந்தச் சடங்கு மிகவும் லேசாக முடியும்.

புதிதாகத் தொடங்குகிற கணக்குகள்

கப்பலைப் பொறுத்தவரை இரண்டும் தனிப் பயணங்கள். செலவுக் கணக்கு முதல் பயணத்தோடு மூடப்படும். செலவழிக்காத, பணமாகத் திருப்பித் தராத கிரெடிட் அன்றே போய்விடும். முந்தைய இரவுக்குள் கடையிலோ ஸ்பாவிலோ தீர்த்துவிடுங்கள். கார்டை மறுபடி பதிய வேண்டும். டெபிட் கார்டு என்றால் முதல் பயணத்துக்குப் பிடித்துவைத்த தொகை விடுபடுவதற்குள் இரண்டாவதும் பிடிக்கப்படும், வங்கியில் இருக்கிற பணம் முடங்கிப்போகும். கிரெடிட் கார்டு நல்லது.

மது பேக்கேஜ், வைஃபை இரண்டும் அந்தந்தப் பயணத்துக்கு மட்டும். முதல் வாரத்தில் எடுத்தவர் இரண்டாவதிலும் எடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. அவசரகால ஒத்திகையைப் புதிய பயணத்திலும் பொதுவாகச் செய்ய வேண்டியிருக்கும். அதே கேபின், அதே கூடுமிடம் என்பதால் விலக்கு கிடைக்கும் என்று நம்பாதீர்கள். உறுப்பினர் புள்ளிகள் இரண்டுக்கும் தனித்தனியாகச் சேரும். இலவச சலவை போன்ற சலுகை உங்கள் நிலைக்கு உண்டென்றால் அதுவும் இரண்டு முறை.

சலவையைப் பற்றிச் சொன்னால், கார்னிவல், பிரின்சஸ் கப்பல்கள் பலவற்றில் பயணிகளே துவைக்கிற இயந்திர அறை உண்டு. ராயல் கரீபியனில் இல்லை. ஒரு பை நிறையத் துணிக்கு ஒரே விலை என்ற சலுகை வருகிற நாளில் கொடுத்துவிடுங்கள்.

வீட்டிலேயே முடிவு செய்துவிட்டால்

இரண்டு வாரம் என்று முன்பே தெரிந்தவர்கள் கப்பலில் அதிர்ஷ்டத்தைச் சோதிக்காமல், தொடர் பயணங்களாகவே விற்கப்படுவதைப் பார்க்கலாம். ஹாலந்து அமெரிக்காவில் கலெக்டர்ஸ் வாயேஜ், விண்ட்ஸ்டாரில் ஸ்டார் கலெக்டர், சீபோர்னில் காம்பினேஷன் க்ரூஸ் என்று இருக்கின்றன. இரண்டு மூன்று பயணங்களைச் சேர்த்து, துறைமுகங்கள் அதிகம் திரும்ப வராதபடி தொகுத்து, தனித்தனியாக வாங்குவதைவிடக் குறைவாக வைத்திருப்பார்கள். இந்தப் பெயர் இல்லாத நிறுவனத்தில் இரண்டு முன்பதிவு எண்கள் கிடைக்கும். அவற்றை இணைக்கச் சொல்லுங்கள், இரண்டு பயணங்களிலும் காலியாக இருக்கிற கேபினைத் தேடி எடுங்கள், விலை இறங்கினால் முழுப் பணம் கட்டும் கெடுவுக்கு முன் திருத்தச் சொல்லுங்கள்.

தேர்ந்தெடுக்கும்போது வழித்தடத்தைக் கவனியுங்கள். ஒரே ஏழு இரவை அப்படியே திரும்பச் சுற்றுகிற கப்பலில் இரவு உணவுப் பட்டியலும் நாடக அரங்க நிகழ்ச்சிகளும் அப்படியே திரும்ப வரும். கிழக்குக் கரீபியன் ஒரு வாரம், மேற்குக் கரீபியன் மறு வாரம் என்று மாறிமாறிப் போகிற கப்பலில் துறைமுகமாவது புதிது. எப்படியானாலும் பெரிய நிகழ்ச்சிகளை இரண்டு வாரத்துக்குமாகப் பிரித்துப் பாருங்கள். கட்டண உணவகங்களை இரண்டாவது வாரத்துக்கு, முதல் வாரம் முடிவதற்குள் பதிந்துவிடுங்கள். புதிதாக ஏறுகிறவர்கள் முதல் நாள் மதியமே நல்ல நேரங்களை எடுத்துக்கொள்வார்கள்.